டெல்ஃப்ட் நகரின் நுண்ணங்கி அறிஞர் மார்ட்டினுஸ் பெய்யெரிங்க்

நாம் குடியேறி வாழும் நெதர்லாந்தை எம் முன்னோர் ஒல்லாந்து என்றே அறிந்திருந்தனர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று; வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று; நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. முதலிரண்டும் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. நெடுந்தீவு மட்டும் ஆங்கில வரைபடங்களில் இன்றும் டெல்ஃப்டாகவே நிற்கின்றது. அம்மூன்று நகரங்களோடும் பிணைந்த வாழ்க்கையையுடைய ஓர் அறிஞரை இவ்வாண்டு மலரில் நம் மாணவச் செல்வங்களுக்கு அறிமுகஞ் செய்ய விழைகின்றோம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, லெய்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, டெல்ஃப்டில் தம் வாழ்நாட் பணியை ஆற்றிய அவர் பெயர் மார்ட்டினுஸ் வில்லெம் பெய்யெரிங்க்.

பற்றீரியா என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழுவது நோயும் அச்சமுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. பிரான்சில் பாஸ்ரரும் ஜெர்மனியில் கொக்கும் கொள்ளை நோய்களை உண்டாக்கும் நுண்ணங்கிகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து புகழ்பெற்ற காலம் அது. பெய்யெரிங்க் வேறொரு வினாவை எழுப்பினார். நோயுண்டாக்காத எண்ணற்ற நுண்ணங்கிகள் வயலிலும் வாய்க்காலிலும் சேற்றிலும் என்னதான் செய்துகொண்டிருக்கின்றன? இவ்வினாவே அவர் வாழ்க்கை முழுவதையும் நடத்திற்று. உயிர்த் தொழில்நுட்பம் என இன்று நாம் வழங்குந் துறையின் பெரும் பகுதி இதற்குக் கிடைத்த விடைகளிலிருந்து வளர்ந்ததே.

அவர் 1851 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் புகையிலை வணிகர். மகன் பிறந்த சில ஆண்டுகளுக்குள் வணிகம் நொடித்துப் போகவே, குடும்பம் ஆம்ஸ்டர்டாமை விட்டு அகன்றது. தந்தையார் புகையிரதக் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞரானார். பிள்ளைகள் நால்வர், கையிலே பணமில்லை. ஆகவே மார்ட்டினுஸ் தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே வீட்டிற் பெற்றார். பின்னர் ஹார்லெம் நகரின் உயர்தரப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் செடிகொடிகளைத் தேடித் திரிவதில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. மேற்படிப்புக்கு உறவினர் ஒருவர் பணம் உதவினார். டெல்ஃப்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனம் பயின்றபோது அவருக்கு வாய்த்த நண்பர், பின்னாளில், 1901 இல், இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்ற வான் ற் ஹொஃப் ஆவார். இருவரும் தங்கியிருந்த அறையிலேயே பரிசோதனைகள் செய்து பார்த்தனர் என்பர். அவ்வறையின் சொந்தக்காரர் என்ன பாடுபட்டாரோ நாம் அறியோம்.

1872 இல் டெல்ஃப்டிற் கல்வியை முடித்துக்கொண்டவர், பிழைப்பின் பொருட்டு ஆசிரியத் தொழிலை ஏற்றார். தாவரங்களிற் பூச்சிகளால் உண்டாகும் கழலைகள் பற்றி ஆராய்ந்து 1877 இல் லெய்டன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாகெனிங்கன் விவசாயப் பாடசாலையில் அவர் கற்பித்த காலம் 1876 முதல் 1885 வரையாகும். 1884 இல், முப்பத்துமூன்றாம் அகவையில், நெதர்லாந்து அரச அறிவியற் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். இதுவரை அவர் தாவரவியலாளரே, நுண்ணங்கியியலாளர் அல்லர்.

அவரை நுண்ணங்கிகளின்பால் திருப்பியது பல்கலைக்கழகம் அன்று, ஒரு தொழிற்சாலை. டெல்ஃப்டில் வான் மார்க்கென் என்னும் தொழிலதிபர் 1869 இல் ஒரு மதுவத் தொழிற்சாலையை நிறுவியிருந்தார். மதுவம் என்பது பாண் பொங்குவதற்காக மாவிற் சேர்க்கும் ஈஸ்ட். தானியத்தை அரைத்து, வெந்நீரிற் கரைத்து, அக்கூழில் மதுவத்தைப் பெருகச்செய்து திரட்டி எடுப்பர். உடன் விளையும் அற்ககோலையும் வடித்து விற்பர். வான் மார்க்கென் தம் தொழிலாளருக்குத் தோட்டங்கள் சூழ்ந்த குடியிருப்பு ஒன்றை அமைத்துத் தம் மனைவியின் பெயரால் அக்னெற்றா பூங்கா என்று பெயரிட்டார். அது டெல்ஃப்டில் இன்றும் உள்ளது. தொழிலை அறிவியலின் துணையோடு நடத்தவேண்டும் என்று எண்ணிய அவர், 1885 இல் பெய்யெரிங்கை அழைத்து ஆய்வுகூடமும் அமைத்துக் கொடுத்தார். தொழிற்சாலைக்குள் ஆய்வுகூடம் என்பது அக்காலத்திற் புதுமை.

மதுவக் கூழிலே வேண்டாத பற்றீரியாக்களும் புகும். பியூற்றிரிக்கமிலத்தை உண்டாக்கும் வகை பெருகினால் கூழ் கெட்டு நாறும். அதைத் தடுக்க ஆலையிலிருந்தோர் கையாண்ட வழி, கூழை முதலிற் புளிக்க விடுவது. தயிரைப் புளிக்கச் செய்யும் இலத்திக்கமிலப் பற்றீரியாக்களின் இனத்தவை அக்கூழிற் பெருகிப் புளிப்பை உண்டாக்கும்; அப்புளிப்பிலே கெட்ட பற்றீரியா வளராது; மதுவமோ வளரும். நம் வீடுகளில் தோசைமாவைப் புளிக்க வைக்கும் தாய்மாரும் ஏறத்தாழ இதனையே செய்கின்றனர். இதிலே பெய்யெரிங்க் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார் என்று நாம் கருதுகின்றோம். எந்த நுண்ணங்கி எங்கே வெல்லும் என்பதைத் தீர்மானிப்பது சூழ்நிலை. சூழ்நிலையைக் கையில் வைத்திருப்பவன் நுண்ணங்கியையும் கையில் வைத்திருக்கின்றான்.

ஆயினும் அந்தப் பத்தாண்டுகள் அவருக்கு இன்பமாகக் கழியவில்லை. தம்மால் ஆலைக்குப் போதிய பயன் விளையவில்லை என்ற ஐயம் அவரை வாட்டிற்று, மனச்சோர்வுக்கு ஆளானார். பிறர் பணத்தில் வாழ்ந்து, அதற்கு ஈடாக எதுவும் தரவில்லையோ என்ற எண்ணம், தந்தையின் வணிகம் நொடித்த வீட்டில் வளர்ந்தவருக்கு எளிதில் நீங்குமா? நல்வாய்ப்பாக ஆலையை நடத்தியோர் பொறுமையுடையோராய் இருந்தனர். உடனடி வருவாயை எதிர்பாராது, அவர் விரும்பியதை ஆராயவும் இடமளித்தனர்.

அவ்விடத்திலேதான், 1888 இல், உலகின் உழவர் அனைவரும் நன்றியுடன் நினைக்கவேண்டிய ஒரு செயலை அவர் செய்தார். பயறு, உளுந்து, கடலை ஆகிய செடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் வேரிலே சிறு முடிச்சுக்கள் தென்படும். ஊரில் நெல் விதைக்குமுன் சணலை விதைத்து, மஞ்சட் பூப் பூத்து நிற்கையில் மண்ணோடு மண்ணாக உழுதுவிடுவதை நம் பெற்றோர் பலர் கண்டிருப்பர். சணலும் அக்குடும்பத்துச் செடியே. அவ்வாறு உழுத நிலம் வளம்பெறுவது பழைய அனுபவம். காரணமோ எவரும் அறியாதது. ஜெர்மனியில் ஹெல்றீகல், வில்ஃபார்த் என்னும் இருவர், இச்செடிகள் முடிச்சுக்களின் துணையால் வளியிலுள்ள நைதரசனைப் பெறுகின்றன என்று அதே காலப்பகுதியிற் காட்டினர். முடிச்சினுள் இருக்கும் உயிரை முதன்முதலில் வெளியே எடுத்துத் தனியாக வளர்த்தவர் பெய்யெரிங்க். அவர் தாவரவியலாளராய் இருந்தமை இங்கே கைகொடுத்தது. பிறர் இறைச்சிச் சாற்றிலே பற்றீரியாக்களை வளர்க்க முயன்ற காலத்தில், இவர் செடியின் இலையை அவித்த சாற்றை எடுத்தார். பயற்றங்கொடியில் வாழ்வதற்குப் பயற்றங்கொடியின் சாறுதானே பிடிக்கும்!

வளியில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அதனை நேரடியாக அமோனியாவாக்கி உரஞ்செய்யும் முறையை மனிதன் கற்றது 1909 இற்குப் பின்னரே. ஹாபர், பொஷ் என்போர் வகுத்த அம்முறைக்கு 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தமும் வேண்டும். வேர்முடிச்சிலுள்ள பற்றீரியாவோ அதே வேலையை வயலின் வெப்பநிலையில் ஓசையின்றிச் செய்கின்றது.

1895 இல் டெல்ஃப்ட் கல்லூரி பெய்யெரிங்கைப் பேராசிரியராக ஏற்றது. அவருக்கெனப் புதிய ஆய்வுகூடம் எழுந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் இதே நகரிலே லேவன்ஹூக் என்னும் துணி வணிகர் தாமே தேய்த்த வில்லைகளால் முதன்முதலாகப் பற்றீரியாக்களைக் கண்டார் என்பதை மாணவர்கள் பாடசாலையிற் படித்திருப்பீர்கள். டெல்ஃப்ட் சிறிய நகரந்தான்; இவ்விடயத்திலே அதற்கு ஈடான பெருநகர் இல்லை.

அங்கே அவர் முழுமைப்படுத்திய முறையைச் செறிவூட்டல் வளர்ப்பு என்று அழைப்பர். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கியும் அதே காலத்தில் இவ்வழியிற் சென்றவர். முறை மிக எளிது. ஒரு பிடி மண்ணிலே கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் உள்ளன. அவற்றுள் நாம் தேடுவது ஒன்றை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. ஆகவே அந்த ஒன்று மட்டுமே உண்ணக்கூடிய உணவை, அது மட்டுமே தாங்கக்கூடிய நிலையில் வைக்கவேண்டும். மற்றவை பட்டினி கிடக்க, அது ஒன்று பெருகித் தானாக நம்முன் வந்து நிற்கும்.

எடுத்துக்காட்டாக, வளியின் நைதரசனை உண்டு தனித்து வாழும் பற்றீரியா மண்ணில் உண்டா என அறிய விரும்பினார். குடுவையொன்றில் நீர், சிறிதளவு பொஸ்பேற்று, மானிற்றோல் எனும் இனிப்புப் பொருள் ஆகியவற்றைச் சேர்த்து, தோட்ட மண்ணை ஒரு சிட்டிகை இட்டார். நைதரசன் சேர்ந்த பொருள் எதனையும் இடவில்லை. நீரை மெல்லிய படையாகவே ஊற்றினார். ஆழமாக ஊற்றினால் அடியில் ஒட்சிசன் இல்லாது வேறு வகை வளர்ந்துவிடும். சில நாட்களில் நீரின்மேல் ஓர் ஏடு படர்ந்தது. அதிலே பெரிய, தடித்த கலங்கள் காணப்பட்டன. 1901 இல் அவற்றுக்கு அசற்றோபக்றர் என்று பெயரிட்டார். மண்ணிற் கிடைத்தது ஓரினம். டெல்ஃப்ட் கால்வாய் நீரிற் கிடைத்தது மற்றோரினம்.

அதே கால்வாய்களின் அடியிற் கரிய சேறு உண்டு. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். வளிபுகாது அடைத்த போத்தலில் இச்சேற்றையும் சல்பேற்றையும் இட்டு, நாற்றத்தை உண்டாக்கும் பற்றீரியாவை 1895 இல் அவர் பிரித்துக் காட்டினார். நாம் ஒட்சிசனைச் சுவாசிப்பது போல் அது சல்பேற்றைச் சுவாசிக்கின்றது. சேற்றில் நாற்றம் பிடித்த ஆராய்ச்சி என்று அன்று சிலர் நகைத்திருக்கக்கூடும். 1934 இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர், நிலத்தடியிற் புதைத்த இரும்புக் குழாய்கள் அரிக்கப்படுவதில் இப்பற்றீரியாக்களுக்குப் பங்குண்டு என்று விளக்கினர். 1992 இல் இந்நாட்டின் தென்பகுதியில் பூடல் என்னும் இடத்துத் துத்தநாக ஆலை, நிலத்தடி நீரில் கலந்த உலோகங்களையும் சல்பேற்றையும் அகற்ற இவ்வினத்தையே வேலைக்கு அமர்த்தியது. குழாயை அரித்துக் கெடுப்பதும் நீரைத் தூய்மை செய்வதும் ஒரே குடும்பம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். அவர் முன்பு பணியாற்றிய மதுவத் தொழிற்சாலையின் கழிவுநீரில், அமோனியா காரணமின்றி மறைந்துகொண்டிருப்பதை ஆய்வாளர் பின்னாளிற் கவனித்தனர். ஒட்சிசன் இல்லாமலே அமோனியாவையும் நைத்திரைற்றையும் சேர்த்து நைதரசன் வளியாக மாற்றும் பற்றீரியா அது என்பது 1995 இல் வெளிவந்தது. இரண்டாகப் பிரிவதற்கே பத்து நாட்களுக்கு மேல் எடுக்கும் மந்தமான உயிர்; செறிவூட்டல் முறையின்றி அதனை எவரும் திரட்டியிருக்க இயலாது. 2002 இல் ரொட்டர்டாம் நகரக் கழிவுநீர் நிலையத்தில் அது பெருமளவில் வேலைக்கு வந்தது. பெய்யெரிங்க் இறந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், அவரது ஊரில், அவரது ஆலையில், அவரது முறையால் கிடைத்த பயன் இது.

அவருடைய பெயரைப் பெரிதும் நிலைநிறுத்திய கண்டுபிடிப்போ இவற்றுள் எதுவுமன்று. புகையிலைச் செடியின் இலைகளிற் கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் தேமல் படர்ந்து, இலை சுருங்கிப் பயனற்றுப்போகும் நோய் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்திற் புகையிலைத் தோட்டத்தோடு வளர்ந்தோருக்கு ஒரு தேமலிலை எத்தனை பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. வாகெனிங்கனில் அடொல்ஃப் மாயர் என்பவர் 1886 இல் இந்நோய் சாற்றின் மூலம் தொற்றுவதைக் காட்டினார். அவருடன் பணியாற்றிய பெய்யெரிங்க் அதற்குரிய பற்றீரியாவைத் தேடிக் காணாது விட்டார். பத்தாண்டுகளின் பின், சொந்த ஆய்வுகூடம் அமைந்ததும், அதை மீண்டும் கையிலெடுத்தார்.

நோயுற்ற இலையின் சாற்றைப் பற்றீரியா நுழைய இயலாத பீங்கான் வடிகட்டியினூடாகச் செலுத்தினார். வடிந்த தெளிந்த சாறும் நோயைத் தொற்றச் செய்தது. அப்படியாயின் அது வெறும் நஞ்சோ? நஞ்சாயின், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என மாற்ற மாற்ற அதன் வலிமை குன்றவேண்டும். குன்றவில்லை. ஆகவே அது செடியினுள்ளே பெருகுகின்றது. வளரும் இளந் தளிர்களில் மட்டுமே பெருகுகின்றது. சாற்றைப் போத்தலில் வைத்தால் பெருகுவதில்லை. உலர்ந்த இலையிலும் அதன் ஆற்றல் கெடுவதில்லை. கொதிக்க வைத்தால் கெடுகின்றது. 1898 இல் அவர் துணிந்து உரைத்த முடிவு இதுவே: இது பற்றீரியா அன்று, உயிர்க்கலத்தினுள் மட்டுமே பெருகும் புதுவகைத் தொற்று. நஞ்சு என்ற பொருளில் இலத்தீனில் வழங்கிய வைரஸ் என்ற பழஞ்சொல்லை அவர் இதற்கு வழங்கினார். 2020 இல் நம் பள்ளியை மாதக்கணக்கில் மூடவைத்த வைரஸ் என்ற சொல்லுக்கு இன்றுள்ள பொருள் அங்கேதான் முளைவிட்டது.

ரஷ்யரான இவனோவ்ஸ்கி 1892 லேயே வடிகட்டிப் பரிசோதனையைச் செய்திருந்தார். பெய்யெரிங்க் அதனை அறிந்திருக்கவில்லை. அறிந்ததும் முதன்மை அவருக்கே உரியது என 1899 இல் எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஆயினும் இவனோவ்ஸ்கி தாம் கண்டது பற்றீரியாவின் வேலையே என்று எண்ணியிருந்தார். அதன் புதுமையை உணர்ந்தவர் பெய்யெரிங்கே. அவரும் ஒன்றிலே தவறினார். அத்தொற்று நீரிற் கரைந்த திரவம் என்று கருதினார். அது மிக நுண்ணிய துகள் என்பது 1935 இல் அமெரிக்கரான ஸ்ரான்லி அதனைப் பளிங்காக்கியபோதும், 1939 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதன் கோல் வடிவைப் படம்பிடித்தபோதும் தெளிவாயிற்று.

இத்தகைய பேரறிஞர் பழகுவதற்கு இனியவரா? இல்லை. மாணவரிடம் கடுமையும் கேலியும் மிக்கவர். சிறு தவறையும் பொறுக்கமாட்டார். அறிவியலுக்கு வாழ்வைக் கொடுத்தவன் மணஞ்செய்தல் ஆகாது என்பது அவர் கொள்கை. தம் உதவியாளர் எவரேனும் மணம் முடித்தால் அதனை இழப்பாகவே கொண்டார். நமது வாரவிறுதிப் பள்ளியில் அவர் ஆசிரியராய் இருந்திருப்பின் முதலாந் தவணை முடியுமுன்னரே பெற்றோர் கூட்டம் கூடியிருக்கும்! அவரது கடுமை அறிவின் விலை என்று சிலர் கூறுவர். நாம் அதனை ஏற்கவில்லை. அவருக்குப் பின் அதே கதிரையில் அமர்ந்த குளூய்வர், மாணவரிடம் அன்புடையவர் எனப் பெயர்பெற்றவர். டெல்ஃப்டின் புகழ் அவர் காலத்திற் குன்றவில்லை, வளர்ந்தது.

பெய்யெரிங்க் இறுதிவரை மணஞ்செய்யவில்லை. மணமாகாத சகோதரியர் இருவரும் அவருடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஹென்றியெற் என்பவர் ஓவியம் வல்லவர். தம்பியாரின் விரிவுரைகளுக்கென நுண்ணங்கிகளையும் தாவரங்களையும் பெரிய வண்ணப் படங்களாகத் தீட்டிக் கொடுத்தார். அறிவியல் வரலாற்று நூல்கள் அவரை ஓரிரு வரிகளிற் கடந்து செல்கின்றன. படத்தின்றி அப்பாடங்களை மாணவர் எவ்வாறு விளங்கியிருப்பர் என்று நாம் கேட்க விரும்புகின்றோம்.

1905 இல் நெதர்லாந்து அறிவியற் கழகம் அவருக்கு லேவன்ஹூக் பதக்கத்தை அளித்தது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அளிக்கப்பட்ட அப்பதக்கத்தை அவருக்கு முன் 1895 இற் பெற்றவர் பாஸ்ரர். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை.

1921 இல், எழுபது வயது நிரம்பியதும், சட்டப்படி ஓய்வு பெற்றார். சகோதரியருடன் கோர்செல் என்னும் சிற்றூருக்குச் சென்று, இளமையில் விரும்பிய தாவரங்களிடமே திரும்பினார். எனினும் நுண்ணங்கிகளை முற்றாக விட்டுவிடவில்லை. 1925 இல், எழுபத்துநான்காம் வயதில், வளியின் நைதரசனைப் பிடிக்கக்கூடும் எனத் தாம் கருதிய சுருள்வடிவப் பற்றீரியா ஒன்றைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதினார். உறுதியாகக் கூற இயலாமையால் தலைப்பிலேயே வினாக்குறி இட்டார். 1931 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் காலமானார்.

அந்த வினாக்குறி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1970களில் பிரேசில் நாட்டில் ஜொஹன்னா டோபெரைனர் என்னும் பெண் அறிஞர் புல், சோளம் ஆகியவற்றின் வேர்களில் அப்பற்றீரியாவை மீண்டும் கண்டு, அது நைதரசனைப் பிடிப்பதை நிறுவினார். 1978 இல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்ற பெயர் சூட்டப்பட்டது. தமிழ்நாட்டில் நெல் பயிரிடுவோருக்கு இப்பெயர் புதிதன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் உயிருரங்களுள் அதுவும் ஒன்று. பொட்டலத்தில் வாங்கிவந்த கரிய பொடியை நீரிற் கரைத்து, பிடுங்கிய நாற்றின் வேர்களை அதிலே சிறிது நேரம் அமிழ்த்தி வைத்து, பின்னர் வயலில் நடுகின்றனர்.